“அமெரிக்கா முன்ன மாதிரி இல்லப்பா!” – யாருக்கு இல்ல மாமா?

தை மாசம் முசிறியில எங்க பெரியம்மா பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோட அக்கா, அதாவது மூணாவது முடிச்சு போட வேண்டிய நாத்தனார், டல்லாஸ் பக்கத்துல இருக்காங்க. வரல.

பணம் இல்லாம இல்ல, லீவு கிடைக்காம இல்ல. பாஸ்போர்ட்டுல இருக்குற விசா முத்திரை காலாவதி. அங்கேயே இருக்குற வரைக்கும் பிரச்சினை இல்ல. வெளியே வந்தா திரும்ப உள்ள போகப் புது முத்திரை வேணும். எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களோட சமூக வலைதளக் கணக்குகளையும் சோதிப்போம்னு 2025 டிசம்பர் 15-ல அமெரிக்கா ஆரம்பிச்சுது. இந்தியாவுல ஏற்கெனவே கொடுத்திருந்த நேர்காணல் தேதிகள் பலதும் மாசக்கணக்குல தள்ளிப் போச்சு. பத்து நாள் லீவுல ஊருக்கு வந்தவங்க, வேலை அங்க, வீட்டு வாடகை அங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம் அங்கன்னு இங்க மாட்டிக்கிட்டாங்க. அதைப் பார்த்த பிறகு எந்த தைரியத்துல கிளம்புறது?

முடிச்சை எங்க சித்தப்பா பொண்ணு போட்டா. அக்கா அங்க முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வீடியோ கால்ல உட்கார்ந்திருந்தாங்க. போனை யாரோ பூ தாம்பாளத்துக்குப் பக்கத்துல சாய்ச்சு வெச்சிருந்தாங்க. தாலி கட்டுற நேரத்துல அது கவுந்து விழுந்ததை யாரும் கவனிக்கல.

அப்புறம் பந்தி. பந்தியில பட்டிமன்றம். தலைப்பு: அமெரிக்கா கெட்டுப்போச்சா, இல்லையா?

நியூ ஜெர்சி மாமா 1998-ல ஒய்2கே அலையில போனவர், இப்போ குடியுரிமை வாங்கிட்டார். அவர் கட்சி: “நாங்க போனப்போ எவ்வளவு மரியாதை! இப்போ கூட்டம் கூட்டமா வந்து, போலி பயோடேட்டா, தெருவுல வெடி வெடிக்கிறது, இதையெல்லாம் பார்த்து வெள்ளைக்காரன் வெறுத்துட்டான். போதாக்குறைக்கு இந்த டைவர்சிட்டி, கோட்டா எல்லாம் கொண்டுவந்து தகுதியைக் கெடுத்துட்டானுங்க.” கலிபோர்னியா அண்ணன் கிரீன் கார்டுக்காரர். முட்டை விலை, இன்சூரன்ஸ் பிரீமியம், வீட்டு வரின்னு ஒப்பிச்சார். பெங்களூருக்குத் திரும்பிட்ட அத்தான், “அதான் அன்னைக்கே சொன்னேன், எல்லாரும் வந்துடுங்க, இனி இந்தியாவோட காலம்”னு முடிச்சார். தீர்ப்பு சொல்ல யாரும் இல்ல. பாயசம் வந்துடுச்சு.

தோழர்களே, இந்தப் பட்டிமன்றம் இன்னைக்கு வெளிநாட்டுல சொந்தக்காரங்க இருக்குற எல்லா வீட்டுலயும் நடக்குது. நம்ம பக்கத்துல இதை ஏன் எழுதுறேன்னா, இதுல பேசுற மூணு பேருமே தப்பான கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நாடு மோசமாயிடுச்சாங்கறது வானிலை அறிக்கை மாதிரியான கேள்வி. யார் தலையில இடி விழுது, அந்த இடியை இறக்குனது யாருங்கறதை அது கேக்கவே கேக்காது.

மாமாவோட ‘முன்ன’வுல இருந்து ஆரம்பிப்போம்.

மாமா, நீங்க போய் இறங்குன அதே நியூ ஜெர்சியில, நீங்க இறங்குறதுக்கு 11 வருஷம் முன்னாடி, 1987-ல, ‘டாட்பஸ்டர்ஸ்’னு ஒரு கும்பல் இருந்துச்சு. டாட்டுன்னா நம்ம பொம்பளைங்க நெத்தியில வெக்கிற பொட்டு. இந்தியர்களை ஜெர்சி சிட்டியை விட்டே துரத்துவோம்னு உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினாங்க. அந்த வருஷம் ஹோபோக்கன்ல ஒரு இந்தியரை அடிச்சே கொன்னாங்க. அவர் பெரிய வங்கியில மேலாளர். போலி பயோடேட்டா இல்ல, தெருவுல வெடி வெடிக்கல.

இன்னும் பின்னாடி போனா 1907. வாஷிங்டன் மாநிலத்துல பெல்லிங்ஹாம்னு ஒரு ஊர். மர ஆலைகள்ல வேலை பார்த்த பஞ்சாபிகளை நூத்துக்கணக்கான பேர் சேர்ந்து ஒரே ராத்திரியில அடிச்சுத் துரத்தினாங்க. 1917-ல வந்த குடியேற்றச் சட்டம் ஆசியாவுல ஒரு பெரிய பகுதியையே கோடு போட்டு வளைச்சு, இங்கேருந்து யாரும் வரக்கூடாதுன்னுச்சு. அந்தக் கோட்டுக்குள்ள நாம.

1923 வழக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கு, வேற காரணத்துக்காக. பகத் சிங் திண்ட், முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துல சேர்ந்தவர். குடியேறி வர்றவன் குடியுரிமை வாங்க வெள்ளையனா, இல்ல ஆப்பிரிக்க வம்சாவளியா இருக்கணும்னு சட்டம் இருந்தப்போ, அவர் தரப்பு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல என்ன வாதம் வெச்சுது தெரியுமா? ‘எல்லா மனுஷனும் சமம், குடுங்க’ன்னு இல்ல. ‘நான் உயர்சாதி இந்து, கலப்பில்லாத ஆரிய ரத்தம், அதனால நானும் வெள்ளையன்தான்’னு! சாதியைக் கொண்டுபோய் அங்க சான்றிதழா நீட்டினாங்க. நீதிமன்றம் சிம்பிளா சொல்லிடுச்சு: சாதாரண மனுஷன் பார்வையில நீ வெள்ளையன் இல்ல, போ. அதோட நிக்கல. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள்கிட்டேருந்தும் பிடுங்கினாங்க. அப்படிப் பறிகொடுத்தவங்கள்ல வைஷ்ணோ தாஸ் பகாய்ங்கற சான்பிரான்சிஸ்கோ வியாபாரியும் ஒருத்தர். 1928-ல உயிரை விட்டார். குடியுரிமை வாங்கினவன் தப்பிச்சவன்னு நினைக்கிற மாமா இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கணும்.

1946-ல மனசு இறங்கி, வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம்னாங்க. நூறு. நம்ம முசிறி மண்டபத்துல முதல் பந்தியிலேயே அதைவிட அதிகம்.

அப்போ நூறு எப்படி லட்சமாச்சு? நம்ம கணக்குப் பாடத்தையும் கோடிங்கையும் பார்த்து மயங்கியா? இல்லீங்க. 1965 மார்ச்சுல அலபாமா மாநிலம் செல்மாவுல, ஓட்டுரிமை கேட்டு ஒரு பாலத்துல நடந்துபோன கறுப்பின மக்களைப் போலீஸ் மண்டையை உடைச்சுது. ஜான் லூயிஸுக்கு மண்டை ஓடே விரிஞ்சுது. அந்தப் போராட்ட அலையிலதான் 1964 குடியுரிமைகள் சட்டம் வந்துது, 1965 ஆகஸ்டுல வாக்குரிமைச் சட்டம் வந்துது. அதே அலையில, 1965 அக்டோபர் 3-ல, சுதந்திர தேவி சிலை அடியில உட்கார்ந்து ஜான்சன் கையெழுத்துப் போட்ட குடியேற்றச் சட்டமும் வந்துது. எந்த நாட்டுல பொறந்தவன்னு பார்த்து அளந்து விடுற 1924-ம் வருஷத்து இன ஒதுக்கீட்டை அது ஒழிச்சுது. அந்தக் கதவு வழியாத்தான் நம்ம டாக்டருங்க போனாங்க, இன்ஜினியருங்க போனாங்க, 1998-ல மாமாவும் போனார். கதவைத் திறந்தவன் மண்டை உடைஞ்சவன். அவனோட பேரப்பிள்ளைக்கு ஒரு சீட்டு குடுத்தா மாமாவுக்குத் ‘தகுதி கெட்டுப்போச்சு’.

இன்னொன்னு. மாமா பையன் எடிசன்ல பொறந்தது 2001. அப்போ மாமா கையில இருந்தது வெறும் எச்-1பி. ஆனா பையன் பொறந்த நிமிஷத்துலேருந்து அமெரிக்கக் குடிமகன். எப்படி? அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவங்களுக்காக 1868-ல கொண்டுவந்த 14-வது சட்டத் திருத்தம். சீனப் பெற்றோருக்குப் பொறந்த வோங் கிம் ஆர்க் 1898-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் அதை உறுதிப்படுத்தினார். 2025 ஜனவரி 20, டிரம்ப் பதவியேத்த முதல் நாளே போட்ட உத்தரவு என்ன சொல்லுது? தற்காலிக விசாவுல இருக்குற அம்மாவுக்கு, குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இல்லாத அப்பாவுக்குப் பொறக்குற குழந்தை குடிமகன் இல்லன்னு. கீழ் நீதிமன்றங்கள் தடுத்துச்சு. இந்த உத்தரவு 2001-லயே இருந்திருந்தா, மாமா, நம்ம தம்பி இன்னைக்கு எந்த வரிசையில நின்னுட்டு இருப்பான்?

சரி, இப்போ கெட்டுப்போகலையா? கெட்டுப்போயிருக்கு. ஆனா முட்டை விலையில இல்ல. அக்கா கணக்கைப் பாருங்க.

அக்கா 2012-ல போனாங்க, கையில ஆறு வயசுப் பொண்ணு. 2015-ல கம்பெனி அவங்களுக்காக கிரீன் கார்டுக்குப் போட்டுச்சு. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு உலகம் முழுசுக்கும் வருஷம் 1,40,000. இதுல புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க கணக்கும் அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. அதாவது ஏறத்தாழ 9,800. சேலம் மாநகரத்துல பாதி ஜனத்தொகைகூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே 7, நூத்தி நாப்பது கோடி இந்தியாவுக்கும் அதே 7. எச்-1பி விசாவுல பத்துக்கு ஏழு இந்தியர்களுக்குப் போகுது, கிரீன் கார்டு ஜன்னல் மட்டும் இத்தனூண்டு. வரிசையில நிக்கிற இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேல. 2025 முடியறப்போ, அக்கா இருக்குற இரண்டாம் பிரிவுல, 2013-ல போட்டவங்க முறைதான் நடந்துட்டு இருந்துச்சு. (பொறந்த இடத்தைப் பார்த்து ஒதுக்குறது, அதுவும் 7 சதவீதம்னு கூரை போட்டு. இதுதான் மாமா உண்மையான கோட்டா. இதைப் பத்தி நீங்க ஒரு நாளும் வாய் திறந்ததில்ல.)

வேலை போனா 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி பிடிக்கணும், இல்ல மூட்டை கட்டணும். அதனால மேனேஜர் என்ன சொன்னாலும் தலையாட்டல். சம்பள உயர்வு கேக்க முடியாது, சட்டுனு மாற முடியாது. இதைத்தான் அங்கத்த கம்பெனிக்காரன் ‘இந்தியர்கள் கடின உழைப்பாளிகள்’னு பாராட்டுறான். நம்மாளும் அதை ஸ்டேட்டஸ் வெச்சுக்குறான்.

பொண்ணுக்கு இப்போ 19. 2027 ஆவணியில 21. அன்னையோட அம்மாவோட விசாவுல ஒட்டிக்கிட்டு இருக்க முடியாது. ஆறு வயசுல போன நாட்டுல, ஒண்ணாங்கிளாஸ்லேருந்து படிச்ச நாட்டுல, வெளிநாட்டு மாணவியா விசா கேட்டு நிக்கணும், இல்லன்னா ‘சொந்த நாட்டுக்கு’க் கிளம்பணும். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. காகிதம் இல்லாம சின்ன வயசுல வந்த பிள்ளைகளுக்கு 2012-ல ஒபாமா ஒரு பாதுகாப்புக் கொடுத்தார். சட்டப்படி வந்த பிள்ளைகள் அதுல சேர முடியாது, ஏன்னா அவங்க சட்டப்படி வந்தவங்க! சட்டப்படி வரிசையில நில்லுன்னு சொன்னதை அட்சரம் பிசகாம கேட்டதுக்குக் கிடைச்ச பரிசு.

இதை மாத்தவே முடியாதான்னா, 2019 ஜூலையில நாட்டு வரம்பை நீக்குற மசோதா பிரதிநிதிகள் சபையில 365-க்கு 65-னு பெரும்பான்மையோட பாஸாச்சு. 2020 டிசம்பர்ல செனட் வேற வடிவத்துல பாஸ் பண்ணுச்சு. ரெண்டையும் ஒண்ணாக்குறதுக்குள்ள அந்த சபையோட ஆயுசே முடிஞ்சுபோச்சு. யாரும் தெருவுக்கு வரல. வரிசையில நிக்கிறவங்களுக்கு ஓட்டு இல்ல, ஓட்டு இருக்குற மாமாக்களுக்கு வரிசை இல்ல.

அவங்க எங்க இருந்தாங்க? 2019 செப்டம்பர் 22, ஹூஸ்டன் ஸ்டேடியம், சுமார் 50,000 பேர், ‘ஹவுடி மோடி’. டிரம்ப் மேடையில. அவர் தேர்தலுக்காகச் சொன்ன அந்த ‘அப் கி பார்’ வாசகத்தை நம்ம பிரதமரே எடுத்துச் சொல்ல, ஸ்டேடியம் அதிருச்சு. ஆறு வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் குறைவு. 2025 செப்டம்பர் 21 அதிகாலை 12.01-க்கு, புது எச்-1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அமலுக்கு வந்துச்சு. வெள்ளிக்கிழமை 19-ம் தேதி கையெழுத்து. யாருக்கு, வருஷா வருஷமா, ஒரே தடவையான்னு அமைச்சருக்கே தெளிவில்ல. ‘வெளிநாட்டுல இருக்குறவங்க 24 மணி நேரத்துல திரும்புங்க’ன்னு கம்பெனிகள் மெயில் அனுப்ப, சான்பிரான்சிஸ்கோவுல இந்தியாவுக்குக் கிளம்ப ஏறி உட்கார்ந்தவங்க விமானத்தை விட்டே இறங்கி ஓடினாங்க. மறுநாள்தான், ஏற்கெனவே விசா இருக்குறவங்களுக்கு இது இல்லன்னு விளக்கம் வந்துச்சு. அந்த ஒரு ராத்திரி அக்கா வீட்டுல யாரும் தூங்கல.

மேல ஏறிட்டா தப்பிச்சிடலாம்னும் நினைக்காதீங்க. 2024 டிசம்பர்ல ஸ்ரீராம் கிருஷ்ணனை ஏஐ கொள்கை ஆலோசகரா டிரம்ப்பே நியமிச்சார். சென்னைக்காரர், இங்கதான் இன்ஜினியரிங் படிச்சவர், அமெரிக்கக் குடிமகன். கிரீன் கார்டு நாட்டு வரம்பை நீக்கணும்னு எப்பவோ எழுதினதைத் தோண்டி எடுத்து, டிரம்ப்போட சொந்த ஆதரவாளர்களே அவர் மேல பாய்ஞ்சாங்க. டெக்சாஸ் சுகர் லேண்ட்ல 90 அடிக்கு அனுமார் சிலை வெச்சாங்க. 2025-ல அவங்க கட்சிக்காரர் ஒருத்தரே அதைப் பொய்க் கடவுளோட பொய்ச் சிலைன்னார். திண்ட் காலத்துலேருந்து பாடம் ஒண்ணுதான்: நான் அவங்களை மாதிரி இல்ல, உங்களை மாதிரின்னு எவ்வளவு ஒட்டினாலும் அவன் சேர்த்துக்க மாட்டான்.

இதுல இன்னொரு கூத்து. 2023 பிப்ரவரியில சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செஞ்சுது. கலிபோர்னியா சட்டமன்றமும் அதுக்கு ஒரு மசோதாவை நிறைவேத்துச்சு. நிறத்தைப் பார்த்து ஒதுக்குறாங்கன்னு அழுற நம்மாளுங்கள்ல ஒரு கோஷ்டி, சாதியைப் பார்த்து ஒதுக்காதேங்கற அந்தச் சட்டத்தை எதிர்த்து வரிஞ்சுகட்டிக்கிட்டு நின்னுச்சு. 2023 அக்டோபர்ல கவர்னர் நியூசம் அதை வீட்டோ பண்ணார். இனிப்பு வழங்கினவங்களுக்குத்தான் இப்போ அமெரிக்கா கசக்குது.

அத்தானுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ‘வந்துடுங்க, இந்தியாவோட காலம்’னு சொல்றவர்கிட்ட ஒரே கேள்வி. 2025 பிப்ரவரி 5, அமிர்தசரஸ்ல அமெரிக்க ராணுவ விமானம் இறங்குச்சு. 104 இந்தியர்கள். ஆம்பளைங்களுக்குக் கையில விலங்கு, கால்ல சங்கிலி. மறுநாள் மாநிலங்களவையில வெளியுறவு அமைச்சர், இது 2012-லேருந்து இருக்குற நடைமுறைதான்னு விளக்கம் குடுத்தார். விலங்கு போட்டவனுக்கு நாம வக்கீல். கொலம்பியா மாதிரி ஒரு நாடு, ராணுவ விமானத்துல அனுப்பாதேன்னு திருப்பி அனுப்பிப் பார்த்துச்சு. கடைசியில மிரட்டலுக்குப் பணிஞ்சுது, ஆனா தன் சொந்த விமானத்தை அனுப்பித் தன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுச்சு. நமக்கு அதுகூட வரல. ‘இந்தியாவோட காலம்’ அன்னைக்கு எங்க போயிருந்துச்சு அத்தான்?

இப்போ நம்ம பக்கம். இதைப் போட்டா நம்ம தோழர்களே சிலர் கோவப்படுவீங்க. பரவால்ல.

அன்னைக்குப் பந்தியில பரிமாறின பசங்க ஒடிசாக்காரங்க. பத்தொன்பது இருபது வயசு இருக்கும். ஒருத்தன் ‘ரசம் சார்?’னு கேட்டான், அவன் ‘ர’ நம்ம ‘ர’ மாதிரி வரல. மாமா சிரிச்சுக்கிட்டே, “இங்கயும் வந்துட்டானுங்களா, கூட்டம் கூட்டமா. இனி நம்ம ஊரு நம்ம ஊரா இருக்காது”ன்னார். வரிசை மொத்தமும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ரெண்டு நிமிஷம் முன்னாடி, நியூ ஜெர்சியில வெள்ளைக்காரன் பேசுறதா மாமா சொன்னாரே, அதே வார்த்தை. கூட்டம் கூட்டமா. ஊரு ஊரா இருக்காது. பாஷை தெரியல. கம்மி சம்பளத்துக்கு வந்து நம்ம வேலையைக் கெடுக்குறான்.

நம்ம அணி குரூப்ல பானிபூரி மீம் எத்தனை ஓடியிருக்கு? போன வருஷம் ஒண்ணை நானே பார்வர்டு பண்ணியிருக்கேன், லைக் அள்ளுச்சு. இந்தியை எங்க மேல திணிக்காதேன்னு டெல்லிகிட்ட சொல்றது நம்ம உரிமை, அதுல ஒரு இம்மி குறையக் கூடாது. அந்தக் கோவத்தை ரசவாளி தூக்குற பையன் மேல காட்டுறது என்ன கணக்கு? அவனைத் திணிச்சது டெல்லி இல்ல. அவனைக் கூட்டிட்டு வந்தது நம்ம ஊர் கேட்டரிங் கான்ட்ராக்டர், நம்ம ஊர் பில்டர், நம்ம திருப்பூர் முதலாளி. அக்காவை டல்லாஸுக்குக் கூட்டிட்டுப் போனதும் அதே கணக்குதான்: கேள்வி கேக்காம வேலை செய்ற ஆள், வேலை போனா ஊருக்குப் போற ஆள்.

மாமா பதில் சொல்வார், எனக்குத் தெரியும். “நான் சட்டப்படி போனேன், அக்கா பிரச்சினை வேற, நீ அரசியல் பண்றே”ம்பார். ஆமா மாமா, அரசியல்தான் பண்றேன். உங்களை 1917-ல தடுத்ததும் அரசியல், 1965-ல உள்ள விட்டதும் அரசியல், அக்காவை முசிறிக்கு வர விடாம வெச்சிருக்குறதும் அரசியல்.

இந்த வருஷம் நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை, அங்க இடைக்காலத் தேர்தல். பிரதிநிதிகள் சபை முழுசும், செனட்டுல மூணுல ஒரு பங்கும். உங்க தொகுதி வேட்பாளருக்கு ஒரு போன் போட்டு, 7 சதவீத வரம்பைப் பத்தியும் 21 வயசுப் பிள்ளைகளைப் பத்தியும் என்ன நிலைப்பாடுன்னு கேளுங்க. அக்கா கேட்டா போனை வெச்சுடுவாங்க, அவங்களுக்கு ஓட்டு இல்ல. உங்களுக்கு இருக்கு, உங்க பையனுக்கும் இருக்கு.

– தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர், திருச்சி